முதுகில் சுடுபவன்

மேற்பார்வையாளர் மறுபடியும் முதுகில் சுடப்பட்டுச் செத்துப் போனார்.

திரை சிவந்தது. கையில் பிடித்திருந்த துப்பாக்கி கீழே சரிந்தது. சுட்டவனின் பெயர் மேல் மூலையில் வந்தது: ஷேடோ. அதற்கடியில் ஒரு வரி கேலி வேறு: 'இவ்வளவுதானா?'

"இவ்வளவுதானாவா? இருடா," என்று தனக்குள் முனகிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெட்டை கூனிக்கொண்டு விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஒரு ஆளை இப்போதுதான் முதுகில் சுட்டவன் மாதிரியே தெரியவில்லை.

நடிப்பைப் பாரு, என்று நினைத்துக்கொண்டார் மேற்பார்வையாளர்.

அது ஒரு கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவு. காணாமல் போன பார்சல், நசுங்கின பார்சல், பக்கத்து வீட்டில் கொடுத்து அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்ட பார்சல், 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள்' என்று எவனோ அனுப்பியதை நம்பி அழுத்தி ஏமாந்தவர்களின் அழுகை, எல்லாம் அங்கேதான் வந்து சேரும். தொலைத்தவன் ஒருவன், உடைத்தவன் ஒருவன்; மன்னிப்புக் கேட்பது மட்டும் இந்தப் பிரிவு. காலையில் நாற்காலி சூடாவதற்கு முன் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும், செய்யாத தப்புக்கு, பார்த்திராத ஆளிடம் மன்னிப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். என்ன நடந்தது என்று கேட்காதே. முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடு, ஆள் ஆறினபிறகு விசாரிக்கலாம்.

மேற்பார்வையாளரும் போன வருஷம் வரைக்கும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான். அப்போது அவருக்கு வாத்து என்று பெயர். காரணம் கேட்க வேண்டியதில்லை, நடந்தால் தெரியும். "டேய் வாத்து, அந்தத் தண்ணி பாட்டிலைத் தள்ளு" என்பான் நெட்டை. "வாத்து, என் புகாரையும் சேர்த்து முடிச்சுடேன், பல்லு வலிக்குது" என்பான் பல்வலி. முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் டீச்சர் என்று பெயர் வாங்கிய அம்மாள்கூட, "வாத்துத் தம்பி" என்றுதான் கூப்பிடுவாள்.

பதவி உயர்வு வந்த அன்று வாத்து போய்ச் சேர்ந்தது. 'சார்' பிறந்தார்.

அவர் காபி மிஷின் பக்கம் போனால் பேச்சு நின்றது. சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வயிறு நிறைந்தது. கழிப்பறையில்கூட, "நீங்க முதல்ல சார்" என்று வழிவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வாய் அசைவதையும் தோள் குலுங்குவதையும் பார்த்து, என்ன நகைச்சுவை என்று அவரே ஊகித்து, அவரே சிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தப் பழைய ஆட்டம் கண்ணில் பட்டது.

திரைக்குக் கீழே ஒரு துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டம் கட்டமான சுவர்கள், பழுப்பு நிற நடைபாதைகள், கதவைத் திறந்தால் எதிரில் எவனாவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேலை முடிந்த பிறகு, கம்பெனிக் கணினிகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து எல்லாரும் சேர்ந்து ஆடியது. இப்போது கம்பியும் வேண்டாம், குறுந்தட்டும் வேண்டாம். பிரவுசரில் மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் இன்னொரு பக்கமாகத் திறந்துகொள்கிறது. எட்டுப் பேருக்கு ஒரு அறை திறந்து, லிங்க் அனுப்பினால் போதும்.

அந்தக் காலத்தில் நெட்டை ஒரு விதி போட்டிருந்தான். ஆட்டத்தைப் பற்றி வேலை நேரத்தில் மூச்சு விடக் கூடாது. பெயர் போட்டு எதுவும் எழுதக் கூடாது. என்ன ஆடினாலும், யார் யாரைக் கொன்றாலும், காலையில் ஒன்றும் தெரியாத மூஞ்சியோடு வர வேண்டும். அப்போதைய அதிகாரிக்கு மோப்பம் அதிகம்.

மேற்பார்வையாளர் விதியை மதித்தார். தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து, பெயர் போடாமல், பிரிவில் இருந்த ஏழு பேருக்கும் லிங்க்கை அனுப்பினார். கூட ஒரே வரி: 'பழைய இடம். மதியம் ஒரு மணி. வாங்கடா.'

யாரும் பதில் போடவில்லை. யாரும் ஜாடையாகக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் ஒரு மணிக்கு அவர் ஆட்ட அறையைத் திறந்தால், உள்ளே ஏழு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஏழு பேரும் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மூஞ்சியோடு இருந்தார்கள். பழைய விதி. மறக்கவே இல்லை, பயல்கள்.

புனைபெயர்களை அவிழ்ப்பது சுலபமாக இருந்தது. 'டாக்' என்றால் எந்நேரமும் டாக்டரிடம் போகிற பல்வலி. 'குயின்' டீச்சராகத்தான் இருக்க வேண்டும். அந்த நடையைப் பார்த்தாலே தெரிகிறது. எப்போதும் சுவரோரமாகப் போய் யாருக்கும் தெரியாமல் நிற்கிற 'கோஸ்ட்', கடைசி மேஜையில் உட்கார்ந்திருக்கிறவன். அவன் இருக்கிறானா இல்லையா என்று சம்பளக் கணக்குக்காரருக்கே சந்தேகம். எல்லாரைவிடவும் வேகமாக வந்து முதுகில் சுடுகிற 'ஷேடோ'? பன்னிரண்டு மணி வெயிலில்கூட ஆறடிக்கு நிழல் விழுகிறவன் பிரிவில் ஒருத்தன்தான்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: "என்ன, மூஞ்சியில பல்பு எரியுது? ஆபீஸ்ல பேச ஆரம்பிச்சுட்டாங்களா?"

"பேசல. சுடுறாங்க."

"என்னது?"

விளக்கினார். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

"போகட்டும். சுடுறதுக்காவது ஆள் வர்றாங்களே," என்றாள்.

ஒரு வாரம் சந்தோஷமாகச் செத்தார். அதற்குப் பிறகுதான் உறுத்தியது.

ஷேடோ அவரை மட்டும் ஏன் இப்படித் தேடித் தேடிச் சுடுகிறான்? எப்போதும் முதுகில் ஏன்? நேருக்கு நேர் வந்து சுட்டால் அது ஆட்டம். இது வேறு ஏதோ. அவருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. குனிந்தபடி முன்னேறுவதற்கு இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினால் பிரவுசர் பக்கமே மூடிக்கொண்டது. அதனால் அந்த ஆட்டத்தில் அவரால் மட்டும் குனிய முடியவில்லை. மற்ற ஏழு பேரும் தாராளமாகக் குனிந்தார்கள். இருபது வருஷம் குனிந்தே வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படியாவது வந்துவிடும்போல என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காபி மிஷின் அருகே நெட்டையைத் தனியாகப் பிடித்தார். விதிப்படி பெயர் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"என்னப்பா, முதுகுல போடுறது உனக்கு நல்லா வருதே."

நெட்டையின் கையில் இருந்த காகிதக் கோப்பை நெளிந்தது.

"சார்?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

நெட்டை ஒரு நொடிதான் யோசித்தான். பிறகு, பழகின நாக்கு தானாகப் புரண்டது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருத்தப்படுறேன் சார். இனிமே இப்படி நடக்காமப் பார்த்துக்கறேன்."

ஒத்துக்கொண்டான். மேற்பார்வையாளர் நிம்மதியாகத் தோளைத் தட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் ஒரு மணி ஆனதும் ஷேடோ அவரை முதுகில் சுட்டான். 'பாவம்' என்று கேலி வந்தது.

வாயில் மன்னிப்பு, கையில் துப்பாக்கி. மேற்பார்வையாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டார். வயதில் மூத்தவள், பக்குவமாகச் சொல்லுவாள்.

"டீச்சரம்மா, நீங்க அவன்கிட்டச் சொல்லுங்க. பின்னாடியிருந்து வேணாம். நேருக்கு நேர் வரச் சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதைப் பத்தி சார்?"

"எதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்களும் அங்கதானே இருக்கீங்க. நேத்து நீங்ககூட என்னைப் போட்டுத் தள்ளுனீங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

டீச்சரின் முகம் வெளுத்தது. அவளும் அந்தப் பிரிவின் ஆள்தான். "மன்னிக்கணும் சார். என் கவனக்குறைவுதான் சார்."

"சேச்சே, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. அழகாப் பண்ணுனீங்க."

டீச்சர் வெளியே போய்ப் பத்து நிமிஷத்துக்குள், பிரிவு முழுவதும் ஒரு குளிர் பரவியது. சாருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருத்தரும் தன் மடியில் இருக்கிற கனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பல்வலிக்குப் பல்லே வலிக்காமல் லீவு போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

நெட்டை இஸ்திரி போட்ட சட்டையோடு மறுநாள் கண்ணாடி அறைக்கு வந்து நின்றான்.

"நேருக்கு நேர் வரச் சொன்னீங்களாம் சார். வந்திருக்கேன். எதுவா இருந்தாலும் கேளுங்க."

"இங்க இல்லடா," என்றார் மேற்பார்வையாளர், பழைய அன்போடு. "அங்க வா. ஒரு மணிக்கு."

நெட்டை வெளியே வந்து சொன்னது இதுதான்: "ஒரு மணியில ஏதோ இருக்குப்பா. சாப்பாட்டு நேரத்தைத்தான் கண்காணிக்கிறார்."

அன்றிலிருந்து ஒரு மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. டப்பாவைத் திறக்கவில்லை. காபி மிஷினுக்கு ஓய்வு கிடைத்தது. ஏழு பேரும் அவரவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பிசாசு மாதிரித் தட்டினார்கள். தொலைந்த பார்சல்களுக்கெல்லாம் பசியோடு மன்னிப்புக் கேட்டார்கள்.

மேற்பார்வையாளர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முழு வருகை. ஆட்டத்தின் மேல் இவ்வளவு வெறியா என்று ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. இன்னொரு பக்கம், இவ்வளவு வெறியும் தன்னைக் கொல்வதற்குத்தானே என்று வலித்தது. ஏனென்றால் ஷேடோ நிறுத்தவில்லை. கதவுக்குப் பின்னால், படிக்கட்டின் கீழே, அவர் துப்பாக்கிக்குக் குண்டு எடுக்கக் குறுக்கே போகிற அந்த ஒரு நொடியில், எங்கேயும் முதுகில்.

"நேர்ல சிரிக்கிறான், பின்னாடி சுடுறான்," என்றார் மனைவியிடம்.

"அப்ப நீங்க ஆடாம இருங்க."

"நான் போகலைன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இப்ப என்ன நினைக்கிறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார்.

அந்த மாதக் கடைசியில் மண்டல மேலாளர் போன் செய்தார்.

"என்னய்யா பண்றீங்க உங்க பிரிவுல? சாப்பாட்டு நேரத்துலகூட உங்க ஆளுங்க போன் பண்ணி மன்னிப்புக் கேக்குறாங்களாம். ஒரு வாடிக்கையாளர், நிம்மதியாச் சாப்பிட விடுறதில்லைன்னு அதுக்கு ஒரு புகார் குடுத்திருக்கார்."

"அப்படிங்களா சார்?" மேற்பார்வையாளருக்குப் புரியவில்லை. ஆட்டத்துக்கு நடுவில் எப்படிப் போன் பண்ணுகிறார்கள்? கெட்டிக்காரப் பயல்கள், ஒரு கையில் போன், ஒரு கையில் துப்பாக்கி.

"நல்ல விஷயம்தான். ஏழு பேர் இந்தப் போடு போட்டா, ஆறு பேர் இருந்தாலே தாராளமாப் போதும்ல? துறைமுகக் கிடங்குல ஆள் இல்ல. ஒருத்தரை அனுப்பணும். யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

துறைமுகக் கிடங்கு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய தூரம். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. போகிறவர்களைக் கேக் வெட்டி அனுப்புவார்கள். கேக்கை யாரும் சாப்பிட மாட்டார்கள்.

யாரை அனுப்புவது? பல்வலிக்கு வீட்டுக் கடன். டீச்சருக்கு ஓய்வு நெருங்குகிறது. நெட்டைக்கு ஒரு சின்னப் பெண். பேச்சு வரத் தாமதமான குழந்தை. இந்த ஊரில் ஒரு அம்மாள் அவளை எதிரே உட்காரவைத்து, கண்ணாடியைக் காட்டி, உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பயிற்சி கொடுத்து, இப்போதுதான் நாலைந்து வார்த்தை வந்திருந்தது. முதல் தடவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, லீவு போட்டுவிட்டுக் கூடப் போனவர் மேற்பார்வையாளர்தான். அன்றைக்கு அவர் வாத்து.

நெட்டையை அனுப்ப முடியாது. அது பாவம். அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஆட்ட அறைக்குள் போனார். போகும்போதே ஒரு முடிவு. இதுவரை அந்த ஆட்டத்தில் எழுதும் பெட்டியை அவர் தொட்டதில்லை, விதி. இன்று விதியை உடைத்தார். துப்பாக்கியைச் சுடாமல், நடு மண்டபத்தில் நின்றுகொண்டு எழுதினார்:

'ஷேடோ, இன்னைக்கு ஒரு நாள் என்னைச் சுடாத. காரணம் கேக்காத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.'

கண்ணாடி வழியாகப் பார்த்தார். நெட்டை தட்டுவதை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். படித்துவிட்டான். யோசிக்கிறான்.

மேற்பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். எதிர்க் கதவு திறந்தது. ஷேடோ வந்தான். நின்றான். முதல் தடவையாக நேருக்கு நேர் நின்றான். மேற்பார்வையாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷேடோ அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான்.

திரை சிவந்தது. 'ஹா ஹா' என்று வந்தது.

மேற்பார்வையாளர் பிரவுசரை மூடினார். போனை எடுத்து மண்டல மேலாளரிடம் ஒரு பெயரைச் சொன்னார். குரல் நடுங்கவில்லை.

கேக் வெட்டினார்கள். யாரும் சாப்பிடவில்லை. கிளம்புவதற்கு முன் நெட்டை கண்ணாடி அறைக்கு வந்தான். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் தண்ணி பாட்டிலும் ஒரு பழைய ஸ்வெட்டரும்.

"போயிட்டு வர்றேன் சார்."

"குழந்தை?"

"அம்மாவோட இங்கயே இருக்கும் சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரலாம்னு பாக்குறேன். பஸ்லயே போயிடும் போல, ஞாயித்துக்கிழமை." சிரிக்கப் பார்த்தான்.

மேற்பார்வையாளருக்கு அடக்க முடியவில்லை. "ஏன்டா? இத்தனை நாள்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாத்துன்னு கூப்பிட்டிருக்கலாம்ல? நான் எல்லாத்தையும் விட்டிருப்பேனே."

"எப்படி சார், உங்களைப் போய்..." நெட்டை பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "வீட்ல பாப்பா மட்டும் இன்னும் அப்படித்தான் சொல்லுது. வாத்து மாமா எங்கேன்னு. அதுக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை. மன்னிச்சுக்கோங்க."

"வேற ஒண்ணும் சொல்ல வேண்டியது இல்லையா உனக்கு?"

நெட்டை நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "என்ன தப்புன்னு தெரிஞ்சா அதைச் சொல்லிக் கேப்பேன் சார். தெரியல. அதனால மொத்தமாக் கேட்டுக்கறேன். சிரமத்துக்கு மன்னிக்கணும்."

கடைசி வரைக்கும் விதியை உடைக்கவில்லையே என்று மேற்பார்வையாளர் பல்லைக் கடித்தார்.

மறுநாள் ஒரு மணிக்கு, பழக்க தோஷம், அறையைத் திறந்தார். இனி முதுகைப் பற்றிக் கவலை இல்லை. மெதுவாக, நடைபாதையின் நடுவில், வாத்து மாதிரியே நடந்தார்.

முதுகில் சுடப்பட்டுச் செத்தார். ஷேடோ.

நெட்டை இப்போது பஸ்ஸில் இருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, போனை எடுத்துச் சுடுகிறானா? இவ்வளவு வன்மமா? அப்படியானால் தான் செய்தது சரிதான். சரிதானே? இதை உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது என்று தோன்றியது.

கம்பெனிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் சூயிங்கம் மென்றபடி வந்து, திரையைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

"அட, இந்த ஆட்டமா? பயப்படாதீங்க சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேல் மாடியில எல்லாரும் சீட்டுதான் ஆடுறாங்க."

"அது இல்லம்மா. இந்த ஷேடோங்கிறவன் எந்த ஊர்லயிருந்து ஆடுறான்னு கண்டுபிடிக்க முடியுமா? இப்ப, இந்த நிமிஷம். பஸ்லயிருந்தா, வேற எங்கயாவதா?"

"அறையைத் திறந்தவர் நீங்கதானே? அப்ப உங்க கணக்குலயே தெரியும், இருங்க." அவள் குனிந்து இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினாள். ஒரு பக்கம் திறந்தது. படித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எந்த ஊரும் இல்ல சார். நீங்க இதைத் திறந்த நாள்லயிருந்து உள்ள வந்த ஒரே மனுஷன் நீங்கதான்; யாரும் வரலைன்னா, காலியா இருக்கிற இடத்துல ஆட்டமே பொம்மைங்களை இறக்கி விட்டுக்கும்."